காட்டை நம்பிய கோட்டை

காளையார்கோவிலுக்கு இன்றைக்கு எந்தப் பக்கமிருந்து பஸ்ஸில் போனாலும் முதலில் கண்ணில் படுவது ராஜகோபுரம்தான். 1801-ல் போயிருந்தீர்கள் என்றால் முதலில் கண்ணில் பட்டிருப்பது காடு. முள்ளும் புதரும் மரமுமாக, ஆள் நுழைய முடியாத அடர்ந்த காடு. அதன் நடுவே மருது சகோதரர்களின் கோட்டை. மதில் என்னவோ இரண்டாம்பட்சம்தான். காடுதான் உண்மையான மதில்.

அந்த மதிலை உடைக்க வந்தவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் அக்னியூ. சிறுவயலில் இருந்து காளையார்கோவிலுக்கு நேராக ஒரு பாதை வெட்டிவிட்டால் பீரங்கிகளை இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று கணக்குப் போட்டார். ஜூலைக் கடைசியில் வேலை ஆரம்பமானது. கோடாரியோடு கூலியாட்கள் முன்னே, துப்பாக்கியோடு சிப்பாய்கள் பின்னே. மரத்தை வெட்ட வெட்ட, இரண்டு பக்கப் புதர்களில் இருந்தும் குண்டு பறந்து வரும். ஆகஸ்ட் மாதம் முழுக்க இதே கதை. கடைசியில், செப்டம்பர் தொடக்கத்தில், கம்பெனிப் படை தோல்வியை ஒப்புக்கொண்டு பின்வாங்கியது. அந்தப் படையில் இருந்த வெல்ஷ் என்ற ராணுவ அதிகாரி பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் இந்தப் போர் விரிவாகவே பதிவாகியிருக்கிறது.

அப்படியானால் கோட்டை எப்படி விழுந்தது?

அக்னியூ கோடாரியைக் கீழே போட்டார், அரசியலைக் கையில் எடுத்தார். சிவகங்கை அரச வம்சத்தில் உரிமை கோரிக்கொண்டிருந்த படமாத்தூர் கௌரி வல்லப உடையத்தேவரை அழைத்துவந்து, சோழபுரத்தில் வைத்து, இவர்தான் ஜமீன்தார் என்று அறிவித்தார். மருதுவின் பக்கம் இருந்தவர்களில் ஒரு பகுதி மெல்ல இந்தப் பக்கம் நகர்ந்தது. ஒரு மாதம் கோடாரிக்குக் கிடைக்காத வழி, அந்த மண்ணின் ஆட்கள் எதிர்ப்பக்கம் வந்த சில வாரங்களில் கிடைத்துவிட்டது. 1801 அக்டோபர் 1 அன்று பல திசைகளில் இருந்தும் படைகள் நுழைந்தன. கோட்டை போயிற்று. அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள்.

இதே காளையார்கோவில் அதற்கு 29 வருஷம் முன்னாலும் ஒருமுறை விழுந்திருக்கிறது. 1772 ஜூன் 25. சமாதானப் பேச்சு நடக்கிறது, இப்போதைக்கு ஆபத்தில்லை என்ற நினைப்பில் மன்னர் முத்துவடுகநாதர் இருந்த நேரத்தில்தான் தாக்குதல் வந்தது என்று சிவகங்கை வரலாறு சொல்லும். ஆற்காடு நவாபுக்காக, ஒரு பக்கம் ஜோசப் ஸ்மித், இன்னொரு பக்கம் பான்ஜோர். மன்னர் களத்திலேயே இறந்தார். அரசி வேலு நாச்சியார் விருப்பாட்சிக்குத் தப்பிப் போய், நாட்டை மீட்டது 1780-ல்.

இரண்டு வீழ்ச்சியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு தடவையும் காட்டின் மேல் தப்பே இல்லை. ஒரு தடவை, ஆபத்தில்லை என்று நினைத்த நேரத்தில் எதிரி வந்தான். இன்னொரு தடவை, உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்த வழியில் வந்தான்.

*

இந்த வாரம் எதற்கு இந்தப் பழைய கதை?

நீங்கள் புதிதாக ஒரு தொழில் தொடங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடி கண்டாங்கிச் சேலையோ, சீப்புச் சீடையும் தேன்குழலுமோ, இணையத்தில் விற்கிற தொழில். ஒரு வெப்சைட், ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம், வாட்ஸ்ஆப், யு.பி.ஐ., வங்கியில் ஒரு நடப்புக் கணக்கு. வேலைக்கு மூன்று பேர். 'பாதுகாப்புக்கு என்ன செய்திருக்கிறீர்கள்?' என்று யாராவது கேட்டால் உடனே பதில் வரும்: 'ஆன்ட்டி வைரஸ் போட்டாச்சு சார்.'

அது காடு. வேண்டியதுதான். நல்ல காடு ஒரு மாதம் கூடத் தாக்குப்பிடிக்கும். ஆனால் திருடன் காட்டை வெட்டிக்கொண்டுதான் வருவான் என்று யார் சொன்னது?

வலைப்பின்னல் வழியாக நடந்த முதல் மோசடி என்று வரலாற்று ஆசிரியர்கள் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் இல்லை, மின்சாரத் தந்தி கூட இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. ஆண்டு 1834. பிரான்ஸில் குன்றுக்குக் குன்று கோபுரம் கட்டி, அதன் உச்சியில் மரக்கைகளைப் பொருத்தி, அவற்றை ஆட்டியே பாரீஸில் இருந்து போர்டோ நகரம் வரை செய்தி அனுப்புவார்கள். அரசாங்கத்துக்கு மட்டும்தான் அனுமதி. பாரீஸ் பங்குச் சந்தையில் அரசுப் பத்திரத்தின் விலை ஏறியதா, இறங்கியதா என்ற செய்தி போர்டோ வியாபாரிகளுக்குக் குதிரை வண்டித் தபாலில் வந்து சேரப் பல நாள் ஆகும்.

ப்ளாங்க் சகோதரர்கள் என்று இரண்டு பேர். போர்டோவில் பத்திரம் வாங்கி விற்பவர்கள். இவர்கள் கோபுரத்தை உடைக்கவில்லை, சங்கேத மொழியைக் கண்டுபிடிக்கவும் மெனக்கெடவில்லை. நடுவழியில், தூர் என்ற ஊரில் இருந்த தந்தி ஊழியர் ஒருவருக்குக் காசு கொடுத்தார்கள். அவ்வளவுதான். அரசாங்கச் செய்தி போகும்போது அதில் வேண்டுமென்றே ஒரு தப்பு எழுத்தை அவர் சேர்ப்பார். உடனே 'முந்தைய எழுத்து தவறு' என்ற குறியையும் அனுப்பிவிடுவார். அரசாங்கத்துக்கு அது சாதாரணப் பிழை. போர்டோ பக்கத்தில் கோபுரத்தைக் கவனித்துக்கொண்டிருக்கும் ப்ளாங்க் ஆளுக்கு அது பங்குச் சந்தை நிலவரம். இரண்டு வருஷம் ஓடியது. 1836-ல், தூர் ஊழியர் நோயில் விழுந்து, தன் இடத்துக்கு வரச் சொல்லி நண்பரிடம் ரகசியத்தைச் சொல்லப் போய்த்தான் வெளியே வந்தது. அரசுத் தந்தியில் இப்படிச் சொந்தச் செய்தி சேர்ப்பதைக் குற்றம் என்று சொல்ல அப்போது தனியாகச் சட்டமே கிடையாது. சகோதரர்களில் ஒருவரான ஃப்ரான்ஸ்வா ப்ளாங்க், பிற்காலத்தில் மான்டி கார்லோ சூதாட்ட விடுதியை வளர்த்து உலகப் பணக்காரர் ஆனார் என்பது கொசுறுத் தகவல்.

கோபுரம் பத்திரமாகத்தான் இருந்தது. கோபுரத்தில் இருந்த ஆள்தான் பத்திரமாக இல்லை.

*

இப்போது திரும்பவும் நம்ம ஊருக்கு வரலாம். காளையார்கோவிலில் இருந்து காரைக்குடி அப்படியொன்றும் தூரமில்லை. அந்தப் பக்கத்து நகரத்தார், கடல் கடந்து பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி நடத்தியவர்கள். 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் ஏறக்குறைய 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாக அங்கே நடந்த வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கை சொல்கிறது. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். பணம் ரங்கூனில் இருக்கும். நடுவில் வங்காள விரிகுடா. போன் கிடையாது. முதலாளியின் பணத்தைக் கையாள்வது முழுக்க முழுக்க சம்பளத்துக்குப் போன ஆட்கள்.

திருட்டுப் போக இதைவிட வசதியான ஏற்பாடு இருக்க முடியுமா? ஆனாலும் அந்தத் தொழில் தலைமுறை தலைமுறையாக நின்றது. எப்படி?

'நம்பிக்கை' என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுவார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, ஒழுங்கு. நம்பிக்கையான ஆளைத்தான் அனுப்பினார்கள். அதற்காக, நம்பிக்கையை மட்டுமே நம்பி உட்கார்ந்திருக்கவில்லை.

கடைக்குத் தலைவர் மேலாள், அதாவது ஏஜெண்டு. அவருக்கு முதலாளி எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம் உண்டு. என்ன செய்யலாம் என்பது அதில் இருக்கும். அவருக்குக் கீழே அடுத்தாள். கடைசியில் பெட்டியடிப் பையன். ஏஜெண்டின் தவணை வழக்கமாக மூன்று வருஷம். முடிந்ததும் ஊருக்குத் திரும்ப வேண்டும். அடுத்தவர் வந்து பெட்டியையும் பேரேட்டையும் ஒப்புக்கொள்வார். மூன்று வருஷத்தில் பழைய ஆள் எதையாவது மறைத்திருந்தால், கணக்கை வாங்கிக்கொள்கிறவர் கண்ணில் படாமல் போகாது.

கணக்கு கடையோடு நின்றுவிடாது. குறிப்பு, பேரேடு, கடைசியில் ஐந்தொகை. இதன் விவரம் ஒழுங்காக ஊருக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனுக்குள் நுழைந்தபோது கடையைப் போட்டது போட்டபடி ஓடிவந்தவர்கள் ஏராளம். கடையோடு பேரேடு போய்விட்டாலும், ஊருக்கு ஏற்கெனவே வந்துவிட்ட விவரம் போகாது. இதைத்தான் இன்றைக்கு 'பேக்-அப்' என்கிறோம்.

மூன்றாவது, உண்டியல். ஓர் ஊரில் பணத்தைக் கட்டி, சீட்டு வாங்கி, இன்னோர் ஊரில் காசாக்குவது. அந்தச் சீட்டைப் போலியாக எழுத மாட்டானா? எழுதுவான். அதனால்தான் இந்தியா முழுக்க உண்டியல் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. உண்டியலை வாடிக்கையாளர் கையில் கொண்டுவருவார். இன்னாருக்கு, இவ்வளவு தொகைக்கு எழுதியிருக்கிறோம் என்கிற அறிவிப்புக் கடிதம் தனியாக, வேறு வழியில், எழுதிய கடையில் இருந்தே வரும். இரண்டும் பொருந்தினால்தான் பணம். சீட்டைத் திருடியவனிடம் கடிதம் இருக்காது. கடிதத்தைப் பார்த்தவனிடம் சீட்டு இருக்காது.

உங்கள் செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. இதுதான். பாஸ்வேர்டு ஒரு வழி, ஓ.டி.பி. வேறு வழி. அதைப் போனில் கேட்கிறவனுக்கு நீங்களே படித்துக் காட்டினால், உண்டியலையும் அறிவிப்புக் கடிதத்தையும் ஒரே ஆள் கையில் கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

தந்தி வந்தபோதும் வியாபாரிகள் இதே ஜாக்கிரதையோடுதான் இருந்தார்கள். சங்கேதச் சொற்களுக்கென்றே அச்சடித்த புத்தகங்கள் விற்றன. ஒரு வங்கி இன்னொரு வங்கிக்குத் தந்தியிலோ டெலக்ஸிலோ பணம் அனுப்பச் சொன்னால், தேதி, தொகை எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு சோதனை எண் கூடவே இருக்க வேண்டும். அந்த எண் ஒத்துப்போகாவிட்டால் பணம் நகராது. இந்த வேலையை எந்திரமயமாக்க வங்கிகள் கூட்டாக 1973-ல் தொடங்கியதுதான் ஸ்விஃப்ட் என்ற அமைப்பு. 1977-ல் செய்திகள் ஓடத் தொடங்கின. உலகத்தின் மிகப் பத்திரமான தபால்காரர் என்று பெயர் வாங்கியது.

அந்தத் தபால்காரர் பெயரில்தான் கும்பகோணத்தில் ஒரு கதை நடந்தது.

*

1904-ல் கும்பகோணத்தில் பிறந்த சிட்டி யூனியன் வங்கி. 2018 பிப்ரவரி 7. முந்தைய நாள் ஸ்விஃப்ட் வழியாகப் போன பணத்தையும் தங்கள் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது மூன்று பணப் பரிமாற்றம் இடித்தது. வங்கியில் யாருமே அனுப்பாத பணம். ஒன்று துபாய் வங்கிக்கு, 5 லட்சம் டாலர். ஒன்று துருக்கிக்கு, 3 லட்சம் யூரோ. ஒன்று சீனாவுக்கு, 10 லட்சம் டாலர். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 20 லட்சம் டாலர்.

உடனே எல்லா வங்கிகளுக்கும் தகவல் பறந்தது. துபாய்ப் பணம் போய்ச் சேருவதற்கு முன்பே தடுக்கப்பட்டுத் திரும்பியது. துருக்கிப் பணம் அங்கேயே முடக்கப்பட்டது. சீனாவுக்குப் போனதுதான் தலைவலி. உள்ளே இருப்பவர்கள் யாரும் உடந்தை இல்லை, பல நாடுகளில் இருந்து இயங்கிய கும்பலின் வேலை என்றார் வங்கியின் தலைமை அதிகாரி. கூடவே அவர் சொன்ன இன்னொரு தகவல்தான் முக்கியம். ஸ்விஃப்டோடு இணைத்திருந்த பிரிண்டரைத் திருடர்கள் செயலிழக்கச் செய்துவிட்டார்கள். பணம் போனதற்கான ஒப்புகைச் சீட்டு அச்சாகி வெளியே வந்தால் மாட்டிக்கொள்வோமே!

அறிவிப்புக் கடிதத்தை வழியிலேயே மறித்துவிட்டார்கள் என்று சொல்லுங்கள்.

ஆனாலும் மறுநாளே எப்படிப் பிடிபட்டது? பி.காம். படித்தவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காரலாம். 'பேங்க் ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட்' என்று ஒரு பாடம் வருமே, மத்தியான வகுப்பில் தூக்கத்தை வரவழைக்கிற பாடம், அதுதான். நம்ம கணக்கு ஒரு பக்கம், வங்கிக் கணக்கு ஒரு பக்கம், இரண்டும் ஏன் இடிக்கிறது என்று பார்ப்பது. பெரிய பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை, தினமும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தப் பிரிண்டர் தந்திரம் புதிதல்ல. இரண்டு வருஷம் முன்னால், 2016 பிப்ரவரியில், வங்கதேச மத்திய வங்கியிலும் இதே கதை. அமெரிக்காவில் அந்த வங்கி வைத்திருந்த கணக்கில் இருந்து 95 கோடி டாலருக்கு மேல் எடுக்கச் சொல்லி 35 உத்தரவுகள் போயின. வியாழன் ராத்திரி போயின. வங்கதேசத்தில் வெள்ளி, சனி விடுமுறை. அமெரிக்காவில் சனி, ஞாயிறு. பிலிப்பைன்ஸில் திங்கள்கிழமை சீனப் புத்தாண்டு விடுமுறை. 1772-ல் சமாதானப் பேச்சு நேரத்தைப் பார்த்து வந்தார்கள், இவர்கள் காலண்டரைப் பார்த்து வந்தார்கள். உத்தரவுகளில் பெரும்பாலானவை தடுக்கப்பட்டன. ஆனாலும் 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது. இலங்கைக்குக் கிளம்பிய 2 கோடி மட்டும் தப்பித்தது. ஏன் தெரியுமா? 'ஃபவுண்டேஷன்' என்ற வார்த்தையைத் திருடர்கள் தப்பாக எழுத்துக் கூட்டியிருந்தார்கள். இடையில் இருந்த டாய்ச்ச வங்கிக்குச் சந்தேகம் வந்து, திருப்பிக் கேட்டது. அந்த ஒரு கேள்வியின் மதிப்பு 2 கோடி டாலர்!

திருடர்கள் உள்ளே நுழைந்த விதம்? வேலை கேட்டு விண்ணப்பிப்பது போல ஊழியர்களுக்கு வந்த மின்னஞ்சல்கள்தான் வழி என்கிறது 2018-ல் அமெரிக்க அரசு தாக்கல் செய்த குற்றப் புகார். பயோடேட்டாவைப் பார்க்க இங்கே அழுத்தவும் என்று ஓர் இணைப்பு. யாரோ அழுத்தினார்கள்.

*

'அதெல்லாம் பெரிய வங்கி. என்கிட்ட என்ன இருக்கு, என்னை எவன் தாக்கப் போறான்?' என்று உங்களுக்குத் தோன்றலாம். புதுத் தொழில் செய்கிறவர்கள் எல்லோருக்கும் தோன்றுகிற நினைப்புதான் இது. நியாயமாகப் பார்த்தால் உங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். வங்கிக்கு 20 லட்சம் டாலர் போனால் செய்தி. உங்களுக்கு 4 லட்சம் ரூபாய் போனால் கடையே கிடையாது. அதுவும் முதல் வருஷத்தில் அந்த 4 லட்சம் பெரும்பாலும் மனைவியின் நகையாகவோ, மாமனாரிடம் வாங்கிய கைமாற்றாகவோ இருக்கும்.

செட்டியார் கடையின் ஒழுங்கை அப்படியே உங்கள் கடைக்குக் கொண்டுவாருங்கள். பைசா செலவில்லை.

வழக்கமாக நூல் வாங்குகிற ஆலையில் இருந்து ஒரு மின்னஞ்சல். 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிமேல் இந்த எண்ணுக்கு அனுப்பவும்.' பெயர், லோகோ, பில் எண் எல்லாம் கச்சிதம். அனுப்பாதீர்கள். இது உண்டியல்தான், இன்னும் அறிவிப்புக் கடிதம் வரவில்லை. அந்த மின்னஞ்சலில் இருக்கும் போன் நம்பரை விட்டுவிடுங்கள், உங்களிடம் பழைய பில்லில் இருக்கும் நம்பருக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். 'பணம் வரணும்னா இந்தக் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க' என்று வாட்ஸ்ஆப்பில் ஒருவர் சொன்னால், பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள். யு.பி.ஐ.யில் பின் நம்பர் என்பது பணம் கொடுப்பதற்கு. வாங்குவதற்கு ஒருநாளும் தேவையில்லை.

கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை ஆரம்பித்துக் கொடுத்த பையன் யார்? எந்த போன் நம்பரில் ஆரம்பித்தான்? அவன் வேலையை விட்டுப் போனால் பக்கம் யாருடையது? மேலாள் ஊருக்குத் திரும்பும்போது பெட்டியையும் பேரேட்டையும் ஒப்படைத்துவிட்டுத்தான் கப்பல் ஏறுவார். உங்கள் கடையிலும் ஆள் மாறுகிற அன்றைக்கே எல்லாப் பாஸ்வேர்டும் மாற வேண்டும். அந்தப் பையன் கெட்டவன் என்பதற்காக அல்ல. ஒழுங்கு என்றால் எல்லோருக்கும்தான். நல்லவன் மனம் புண்படாமல் இருக்க அதுதான் வழி.

எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு வேண்டாம். ஆளுக்கு ஒன்று, அவரவர் வேலைக்குத் தேவையான அளவு அதிகாரம். குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் இரண்டு பேர் சம்மதிக்க வேண்டும் என்று நடப்புக் கணக்கிலேயே ஏற்பாடு செய்துகொள்ளலாம், வங்கியில் கேளுங்கள். வாடிக்கையாளர் பட்டியல், பில், கணக்கு எல்லாவற்றுக்கும் ஒரு நகல், கடைக் கம்ப்யூட்டரோடு இணைக்கப்படாத இடத்தில் இருக்கட்டும். கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கிறவன் வந்தாலும், அந்த நகல் இருந்தால் கடையைத் திரும்ப ஆரம்பித்துவிடலாம். தினமும் கடை சாத்துவதற்கு முன் பத்து நிமிஷம் கணக்கை ஒப்பிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள். 1834-ல் ப்ளாங்க் சகோதரர்களைப் பிடிக்கச் சட்டம் இல்லை. நமக்கு 2000-லேயே தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்துவிட்டது. 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். பணம் கணக்குக்குக் கணக்கு தாவிக்கொண்டிருக்கும், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் அதை எங்காவது நிறுத்தலாம். வங்கிக்கும் சொல்லுங்கள். 2017-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதி இது: உங்கள் தப்பும் இல்லாமல், வங்கியின் தப்பும் இல்லாமல், மூன்றாம் ஆளால் பணம் போயிருந்து, வங்கியிடம் இருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் நீங்கள் புகார் செய்தால் நஷ்டம் உங்களுக்கு இல்லை. பாஸ்வேர்டை நீங்களே கொடுத்திருந்தால் கதை வேறு. புகார் செய்கிற நிமிஷம் வரை போன பணம் உங்களுடையது. நிறுவனங்கள் இப்படிப்பட்ட தாக்குதலை ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022-ல் உத்தரவும் வந்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது. அதற்கு மென்பொருளும் கிடையாது, சட்டமும் கிடையாது.

உங்கள் கடையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆன பெண்ணுக்கு ஒரு வாட்ஸ்ஆப் செய்தி வருகிறது. உங்கள் போட்டோ, உங்கள் பெயர். 'மீட்டிங்கில் இருக்கிறேன். பேச முடியாது. அவசரமாக இந்தக் கணக்குக்கு 80,000 அனுப்பு.' அனுப்பாவிட்டால் முதலாளி திட்டுவாரோ என்று அந்தப் பெண்ணுக்குப் பயம். திருடன் நம்பியிருப்பது அந்தப் பயத்தைத்தான்.

'நான் சொன்னதாகவே இருந்தாலும், என் குரலைக் கேட்காமல் ஒரு ரூபாய் அனுப்பாதே. அதற்காக நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்' என்று நாளைக் காலை கடை திறந்ததும் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள். பிறகு ஒருநாள், நிஜமாகவே நீங்கள் அவசரத்தில் இருக்கும்போது, அவள் உங்களைக் கூப்பிட்டு, 'சார், நீங்கதானா?' என்று கேட்பாள். அப்போது எரிச்சல் வரும். எரிந்து விழாமல், 'ஆமாம்மா, நான்தான்' என்று சொல்லுங்கள்.